செல்போன் கண்ணாடி உடைந்தால் கல்லா நிற்கலாமா?



ஏலக்காய் விலை, பருப்பு வரத்து, வரி விதிகள் ஆகியவற்றைப் பற்றி இந்தப் பக்கங்களில் படித்துப் பழகியவர்கள் நாம். இம்முறை ஒரு செல்போனின் உடைந்த கண்ணாடியைப் பற்றி எழுதுகிறோம். இதில் என்ன இருக்கிறது என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். ஒரு சிறு விரிசலால் நாம் இழந்தது சில ஆயிரம் ரூபாய். அது போகட்டும். 20 ஆண்டுகளாக நம்மிடம் சரக்கு எடுத்துவரும் ஒரு வாடிக்கையாளரின் மனத்தை நோகச் செய்துவிட்டோம். அந்தத் தவறு இன்னொரு கடைக்காரருக்கு நேரக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

நடந்தது என்ன?

ஆவணி மாதம், மலையில் காய் எடுப்பு நடக்கும் நேரம். போடியில் உள்ள நமது மளிகைக் கிடங்கில் காலையில் சரக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். சிட்டையைப் பார்ப்பதற்காகக் கையிலிருந்த செல்போனைப் பருப்பு மூட்டையின் மேல் வைத்தோம். சுமைதூக்கும் தம்பி மூட்டையை இழுத்தார். செல்போன் குப்புற சிமெண்ட் தரையில் விழுந்தது. எடுத்துப் பார்த்தால் ஒரு மூலையிலிருந்து சிலந்தி வலைபோல விரிசல். படம் தெரிந்தது, விரல் வைத்தால் வேலையும் செய்தது. "இதற்கு என்ன அவசரம்" என்று மேலே ஒரு டேப்பை ஒட்டிக்கொண்டு இரண்டு வாரம் ஓட்டினோம்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை வசூலுக்காகப் பூப்பாறைக்கு ஜீப்பில் போனோம். போடிமெட்டு தாண்டியதும் சாரல். சட்டைப் பையில் இருந்த செல்போனின் விரிசல் வழியே ஈரம் இறங்கியது. மாலையில் கீழே வந்து சேர்ந்தபோது எங்கே தொட்டாலும் அசையவில்லை. உடனே ஒரு பழுது பார்க்கும் கடையில் கொடுத்து, "தம்பி, எவ்வளவு குறைச்சலா முடியுமோ அவ்வளவு குறைச்சலா முடிச்சுக் குடு" என்றோம். சிம் அட்டையைக் கழற்றவில்லை. பூட்டைத் திறக்கும் எண்ணையும் ஒரு துண்டுச் சீட்டில் எழிதிக் கொடுத்துவிட்டோம் என்று சொல்லவே இப்போது வெட்கமாக இருக்கிறது. மதுரையிலிருந்து சாமான் வரவேண்டும், திங்கட்கிழமை கிடைக்கும் என்றார் அவர்.

மறுநாள் இரண்டாம் சனிக்கிழமை. வங்கி விடுமுறை. காலையில் மலைமேல் மளிகைக் கடை வைத்திருக்கும் நமது வாடிக்கையாளர் கிடங்கு எண்ணுக்கு அழைத்தார். நேற்று இரவே 18,500 ரூபாய் நம் எண்ணுக்கு அனுப்பிவிட்டதாகவும், இன்றைய ஜீப்பில் அரிசி, பருப்பு, எண்ணெய் ஏற்றிவிடும்படியும் சொன்னார். பணம் வந்ததா என்று பார்க்க நம்மிடம் வழியில்லை. "பார்த்துவிட்டு ஏற்றுகிறோம்" என்றோம். சற்று நேரம் கழித்து மறுபடி கேட்டார். மறுபடியும் அதையே சொன்னோம். அப்போது அவர் சொன்னார்: "அண்ணாச்சி, 20 வருசமா உங்ககிட்ட வாங்குறேன். அந்தக் கண்ணாடி சொன்னாத்தான் என்னைய நம்புவீகளா?"

திங்கட்கிழமை செல்போன் திரும்பி வந்தது. வெள்ளி இரவே அவர் பணம் வரவாகியிருந்தது. செவ்வாய்க்கிழமைதான் சரக்குப் போயிற்று. தோட்டத் தொழிலாளர்கள் சாமான் வாங்கும் ஞாயிற்றுக்கிழமை வியாபாரம் அவருக்குப் போய்விட்டது. கண்ணாடிக்குக் கொடுத்த பணத்தை ஐந்தொகையில் எழுதிவிடலாம். இதை எந்தப் பற்றில் எழுதுவது?

செல்போன் என்பது இன்று கல்லாப்பெட்டி

நாம் தொழிலுக்கு வந்த காலத்தில் கடையில் இருந்தது கனமான கறுப்புத் தொலைபேசி. டிரங்க் கால் பதிவு செய்துவிட்டுக் காத்திருப்போம். கீழே விழுந்தாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. ஆனாலும் அதில் பேச்சைத் தவிர வேறொன்றும் இல்லை. கணக்கு பேரேட்டில் இருந்தது, பணம் கல்லாவில் இருந்தது. 1995 ஜூலை 31 அன்று இந்தியாவில் செல்போன் சேவை தொடங்கியது. 2016இல் யு.பி.ஐ. வந்தது, அதே ஆண்டு நவம்பர் 8 அன்று 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்ட பிறகு மலைக்கடைகளும் மெல்ல மெல்ல அதற்குப் பழகின. இன்று வரவு, பற்று, கடன் கணக்கு, வங்கியின் ஓ.டி.பி., ஜி.எஸ்.டி. விவரம், நறுமணப் பொருள் வாரியத்தின் ஏலத்தில் அன்று காய் போன விலை எல்லாம் ஒரு கையகலக் கண்ணாடிக்குப் பின்னால் அடங்கிவிட்டன.

கல்லாப்பெட்டியின் பூட்டு கெட்டால் யாரிடம் கொடுப்பது, எதை எடுத்துவிட்டுக் கொடுப்பது என்று யோசிக்காத வணிகர் உண்டா? செல்போனுக்கும் அதே யோசனை வேண்டும்.

உடைந்தது எது என்று முதலில் பாருங்கள்

ஏலக்காயை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே தோல், உள்ளே அரிசி. தோல் வெடித்த காயை எல்லாம் நாம் குப்பையில் கொட்டுவதில்லை. அரிசி நன்றாக இருக்கிறதா என்று பார்க்கிறோம். செல்போன் திரையும் அப்படித்தான். மேலே இருப்பது காப்புக் கண்ணாடி. அதற்கு அடியில் விரல் தொடுவதை உணரும் படலம். அதற்கும் அடியில் படத்தைக் காட்டும் டிஸ்ப்ளே. இவை அனைத்தும் ஒளி ஊடுருவும் பசையால் ஒன்றாக ஒட்டப்பட்டிருக்கின்றன.

இந்தக் கண்ணாடி சாதாரணக் கண்ணாடி அல்ல. ஏறக்குறைய 400 டிகிரி வெப்பத்தில் உருக்கிய பொட்டாசியம் உப்பில் அதை முக்கி எடுக்கிறார்கள். கண்ணாடியில் உள்ள சிறிய சோடியம் அயனிகள் வெளியேறி, அவற்றின் இடத்தில் பெரிய பொட்டாசியம் அயனிகள் நெருக்கிக்கொண்டு உட்காருகின்றன. அந்த நெருக்கமே மேற்பரப்புக்கு வலுவைத் தருகிறது. அமெரிக்காவின் கார்னிங் நிறுவனம் தயாரிக்கும் கொரில்லா கண்ணாடி இவ்வகையைச் சேர்ந்தது. ஆனால் எவ்வளவு வலுவானாலும் கண்ணாடி கண்ணாடியே. கூர்மையான கல்லோ மணலோ அந்த மேற்பரப்பைக் கீறிவிட்டால், அடுத்த அடியில் அந்தக் கீறலிலிருந்துதான் விரிசல் ஓடும். சாவிக்கொத்தையும் சில்லறைக் காசையும் செல்போனோடு ஒரே பையில் போட்டுக்கொள்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

சேதத்தைக் கண்டறிய நான்கு சோதனைகள் போதும்.

முதலாவது, மேலே ஒட்டியிருக்கும் பாதுகாப்புக் கண்ணாடி மட்டும் உடைந்திருக்கிறதா என்று பாருங்கள். டெம்பர்டு கிளாஸ் என்று கடையில் ஒட்டித் தருகிறார்களே, அதுதான். ஓரத்தில் நகத்தால் மெல்லத் தூக்கினால் தெரிந்துவிடும். அது மட்டும் என்றால் சிறு செலவில் வேறொன்று ஒட்டிக்கொள்ளலாம். அடியைத் தான் வாங்கிக்கொண்டு அசலைக் காப்பதே அதன் வேலை.

இரண்டாவது, விரிசல் இருந்தும் படம் தெளிவாக, எல்லா இடத்திலும் விரலுக்கு வேலை செய்கிறது என்றால், உடைந்தது மேல் கண்ணாடி மட்டுமே.

மூன்றாவது, படம் தெரிகிறது, ஆனால் சில இடங்களில் விரல் வேலை செய்யவில்லை, அல்லது தொடாமலே தானாக எழுத்துகள் விழுகின்றன என்றால் தொடு படலம் கெட்டுவிட்டது. இது ஆபத்தானது. தானாக விழும் எண்களால் தவறான பூட்டு எண் பலமுறை பதிவாகி, செல்போன் தன்னைப் பூட்டிக்கொள்ளக்கூடும்.

நான்காவது, மை கொட்டியதுபோல் கறுப்புத் திட்டு, வண்ணக் கோடுகள், அல்லது முழு இருட்டு என்றால் உள்ளே டிஸ்ப்ளே போய்விட்டது. கறுப்புத் திட்டு நாளுக்கு நாள் பரவும். நாள் கடத்தாதீர்கள்.

அன்றே செய்ய வேண்டியவை

கண்ணாடி விரிந்த அன்று, வேலை செய்கிறதே என்று சும்மா இருந்ததுதான் நாம் செய்த முதல் பிழை. வேலை செய்யும்போதுதான் உள்ளே இருப்பதை எடுக்க முடியும். கடன் கணக்குச் செயலி, வாட்ஸ்அப், தொடர்பு எண்கள், பில் படங்கள் அனைத்தையும் அன்றே கூகுள் கணக்கிலோ கணினியிலோ நகல் எடுத்துவிட வேண்டும். யார் யார் எவ்வளவு தரவேண்டும் என்பதை மட்டுமாவது ஒரு தாளில் எழுதி வையுங்கள். பேரேட்டுப் பழக்கம் நம்மை விட்டுப் போகவேண்டிய அவசியமில்லை.

விரல் வேலை செய்யாமல் படம் மட்டும் தெரிகிறதா? பெரும்பாலான ஆண்ட்ராய்டு செல்போன்களில் ஓ.டி.ஜி. என்னும் சிறு இணைப்பியைச் செருகி, அதில் கணினியின் மவுஸை மாட்டினால் திரையில் அம்புக்குறி தோன்றும். அதை வைத்துப் பூட்டைத் திறந்து நகல் எடுத்துக்கொள்ளலாம். இந்த இணைப்பி செல்போன் கடைகளில் மலிவாகவே கிடைக்கிறது.

சிம் அட்டையைக் கழற்றி வேறொரு செல்போனில் போட்டுக்கொள்ளுங்கள். யு.பி.ஐ. செயலியை அதில் மீண்டும் பதிவு செய்ய அந்த எண்ணிலிருந்து குறுஞ்செய்தி போக வேண்டும், ஆகவே சிம் கையில் இருப்பது முக்கியம். புதிய செல்போனில் பதிவு செய்தால் முதல் 24 மணி நேரம் குறைந்த தொகையை மட்டுமே அனுப்ப முடியும்படி வங்கிகள் வரம்பு வைத்திருக்கின்றன. கொள்முதலுக்குப் பெரிய தொகை அனுப்ப வேண்டியவர்கள் இதை முன்கூட்டியே கணக்கில் கொள்ள வேண்டும். நாம் அந்தச் சனிக்கிழமை சிம்மைக் கையில் வைத்திருந்தால், வேறொரு செல்போனில் பதிவு செய்து கணக்கைப் பார்த்திருக்கலாம். வீட்டில் இரண்டு செல்போன்கள் சும்மாதான் இருந்தன.

கடையில் ஒட்டியிருக்கும் க்யூ.ஆர். அட்டை வழியே வரும் பணம், செல்போன் உடைந்தாலும் வங்கிக் கணக்குக்குப் போய்க்கொண்டுதான் இருக்கும். அறிவிப்புப் பெட்டிக்குத் தனி சிம் உண்டு. அது தன் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருக்கும். பெட்டி இல்லாத கடைக்காரர்கள்தான் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். உங்கள் செல்போன் வேலை செய்யவில்லை என்று தெரிந்தால், பணம் அனுப்பியதுபோல் ஒரு போலிப் படத்தைக் காட்டிச் சரக்கை வாங்கிப் போகும் புதிய ஆட்களும் இருக்கிறார்கள். அறியாத முகத்திடம் ரொக்கம் கேட்பதில் தவறில்லை.

கைவைத்தியம் வேண்டாம்

விரிசலில் பற்பசை தடவினால் மறையும், சமையல் சோடாவைக் குழைத்துப் பூசினால் ஒட்டும், சமையல் எண்ணெய் தேய்த்தால் தெரியாது என்றெல்லாம் சொல்கிறார்கள். இந்த மூன்றும் நம் கடையிலேயே கிடைக்கும் சரக்குகள். விற்கிற நாமே சொல்கிறோம், எதுவும் பலிக்காது. உடைந்த கண்ணாடி ஒட்டாது. ஈரம் உள்ளே இறங்கினால் இருப்பதும் கெடும். பழுது பார்க்கும் வரை விரலைக் கீறாமல் இருக்க மேலே ஒரு தெளிவான டேப்பை ஒட்டி, ஈரம் படாமல் வைத்துக்கொள்ளுங்கள். மலைச்சாரலில் திரிபவர்களுக்கு அந்த டேப் இரண்டு நாள் ஏற்பாடு மட்டுமே. நாம் இரண்டு வாரம் ஓட்டியதன் பலனை மேலே சொல்லிவிட்டோம்.

நம்முன் உள்ள வழிகள்

ஒன்று, மேல் கண்ணாடியை மட்டும் மாற்றுவது. உடைந்தது தோல் மட்டும் என்றால் இது உண்டு. திரையைச் சூடாக்கி, மெல்லிய கம்பியால் கண்ணாடியை டிஸ்ப்ளேயிலிருந்து அறுத்துப் பிரித்து, பழைய பசையைத் துடைத்து, புதிய கண்ணாடியை இயந்திரத்தில் காற்றுக் குமிழி இல்லாமல் ஒட்ட வேண்டும். செலவு குறைவு, அசல் டிஸ்ப்ளேயும் நம்மிடமே இருக்கும். ஆனால் பிரிக்கும்போது கை தவறினால் நன்றாக இருந்த டிஸ்ப்ளேயும் போய்விடும். ஆகவே இரண்டு கேள்விகள் கேளுங்கள்: ஒட்டும் இயந்திரம் உங்களிடம் இருக்கிறதா? பிரிக்கும்போது டிஸ்ப்ளே போனால் அந்த நட்டம் யாருடையது? இரண்டாவது கேள்விக்கு நேரான பதில் வராத இடத்தில் கொடுக்காதீர்கள்.

இரண்டு, நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற சேவை மையத்தில் முழுத் திரையையும் மாற்றுவது. விலை கூடுதல். போடியிலிருந்து தேனிக்கோ மதுரைக்கோ ஒரு நாள் அலைச்சலும் உண்டு. ஆனால் அசல் சாமான் வரும், பில் வரும், மாற்றிய பாகத்துக்குப் பெரும்பாலும் 3 மாத உத்தரவாதம் வரும். சில நிறுவனங்கள் தங்கள் திரை விலையை இணையத்திலேயே வெளியிட்டிருக்கின்றன. போவதற்குமுன் அதைப் பார்த்துக்கொள்ளலாம். வாங்கியபோது கொடுத்த உத்தரவாதம் கீழே விழுந்து உடைந்ததற்குச் செல்லாது. தனியாகப் பணம் கட்டித் திரைக் காப்பீடு எடுத்திருந்தால் மட்டும் செல்லும். பழைய பில்லைத் தேடிப் பாருங்கள். எடுத்ததையே மறந்தவர்கள் உண்டு.

மூன்று, உள்ளூர்க் கடையில் முழுத் திரையை மாற்றுவது. கடைக்காரர்கள் இதைக் காம்போ என்பார்கள். டிஸ்ப்ளேயும் தொடு படலமும் கண்ணாடியும் சேர்ந்த ஒரே துண்டு. இங்கேதான் நாம் ஏமாந்தோம். ஏமாற்றியவர் யாருமில்லை, நாமே ஏமாந்தோம். ஏலக்காயில் 8 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட பருவெட்டுக்கும் சிறு காய்க்கும் ஒரே விலை கேட்பாரா எவராவது? திரையிலும் அப்படித் தரங்கள் உண்டு. நிறுவனத்தின் அசல், பழைய செல்போனிலிருந்து கழற்றிய அசல், வேறு தொழிற்சாலை செய்த நல்ல நகல், மட்டமான நகல். அசலில் ஓ.எல்.இ.டி. வகைத் திரை இருந்த செல்போனில் விலை குறைந்த எல்.சி.டி. வகைத் திரையை மாட்டும் வழக்கமும் உண்டு. அப்படி மாட்டினால் திரையில் விரல் வைத்துத் திறக்கும் வசதி வேலை செய்யாது. நிறம் மங்கும், மின்கலம் சீக்கிரம் தீரும், திரை சற்றுத் தடித்து ஓரத்தில் தூக்கி நிற்கும்.

நாம் "குறைச்சலா முடி" என்றோம்; அந்தத் தம்பி குறைச்சலாக முடித்தார். விரல்ரேகை போயிற்று. இரண்டு மாதத்தில் தொடுதலும் தாண்டித் தாண்டி விழுந்தது. கடைசியில் சேவை மையத்தில் மறுபடி பணம் கட்டி அசலை மாட்டினோம். இரண்டு செலவையும் கூட்டினால், முதலிலேயே அசல் மாட்டியிருக்கலாம். நம்மிடம் ஒருவர் வந்து "இருப்பதிலேயே மலிவான பருப்பு கொடு" என்று கேட்டு வாங்கிப் போய், பிறகு வேகவில்லை என்று வந்தால் நாம் என்ன சொல்வோம்? தரத்தைக் கேட்டு, அதைப் பில்லில் எழுதி வாங்குவது வாங்குபவரின் கடமை.

உள்ளூர்க் கடை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. நல்ல தொழில் தெரிந்த பிள்ளைகள் நம் ஊரிலேயே இருக்கிறார்கள். ஒரே நாளில் முடித்துத் தருவது, கண்முன்னே பிரித்துக் காட்டுவது, ஏதேனும் என்றால் நேரில் போய்க் கேட்க முடிவது இவையெல்லாம் அவர்களிடம் உள்ள வசதிகள். அவர்களும் நம்மைப் போன்ற சிறு வணிகர்களே.

நான்கு, மாற்றாமல் வேறு செல்போன் வாங்குவது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்கள். நாம் வைத்துக்கொண்டிருக்கும் கணக்கு இதுதான்: இன்றைக்கு அந்தச் செல்போனை விற்றால் என்ன கிடைக்கும் என்று கேளுங்கள். பழுதுச் செலவு அதில் பாதிக்கு மேல் போனால் நின்று யோசியுங்கள். எடுத்துக்காட்டாக, விற்றால் 5,000 ரூபாய் கிடைக்கும் செல்போனுக்கு 4,000 ரூபாயில் திரை மாட்டுவது புத்திசாலித்தனமல்ல. அதே 4,000, விற்றால் 15,000 பெறும் செல்போனுக்கு நியாயமான செலவு. மின்கலமும் பழசாகிவிட்டதா, நிறுவனம் பாதுகாப்புப் புதுப்பிப்புகளை நிறுத்திவிட்டதா என்பதையும் பாருங்கள். வங்கிச் செயலி இருக்கும் செல்போனுக்கு அந்தப் புதுப்பிப்பு அவசியம்.

பழைய செல்போன் வாங்குபவர்கள் *#06# என்று அழுத்தி வரும் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண்ணை, மத்திய அரசு 2023 மே மாதம் தொடங்கிய சஞ்சார் சாத்தி தளத்தில் சரிபார்த்த பிறகே பணம் கொடுக்க வேண்டும். திருட்டுப் பொருள் நம் கைக்கு வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் நாம்.

கையில் கொடுப்பதற்குமுன்

கல்லாவைத் திறந்து போட்டுவிட்டுத் தச்சரை உள்ளே அனுப்புவோமா? செல்போனைக் கொடுக்கும்போதும் கீழ்க்கண்டவற்றைக் கடைப்பிடியுங்கள்.

1. சிம் அட்டையையும் நினைவக அட்டையையும் கழற்றிக்கொள்ளுங்கள்.

2. பூட்டு எண்ணையோ யு.பி.ஐ. ரகசிய எண்ணையோ எழுதிக் கொடுக்காதீர்கள். சோதித்துப் பார்க்க வேண்டுமென்றால் நீங்களே இருந்து திறந்து காட்டுங்கள். சில நிறுவனங்களின் புதிய செல்போன்களில் பழுதுபார்ப்புக்கென்றே ஒரு முறை இருக்கிறது. அதைப் போட்டுவிட்டால் உங்கள் படங்களும் கணக்குகளும் மற்றவர் கண்ணுக்குத் தெரியாது. அமைப்புகள் பகுதியில் தேடிப் பாருங்கள்.

3. ஐ.எம்.இ.ஐ. எண்ணைக் குறித்து வைத்து, திரும்பி வரும்போது அதே எண்தானா என்று பாருங்கள்.

4. எந்தத் தரத் திரை, என்ன விலை, எத்தனை நாள் உத்தரவாதம் என்ற மூன்றையும் பில்லில் எழுதி வாங்குங்கள்.

5. திரும்ப வாங்கும்போது மூலைகளைத் தொட்டுப் பாருங்கள். பேசிப் பாருங்கள். கேமரா, விரல்ரேகை, மின்னேற்றம் மூன்றையும் கடையிலேயே சோதியுங்கள். ஒருமுறை பிரித்த செல்போனில் தண்ணீர் புகாத பாதுகாப்பு முன்போல் இருக்கும் என்று நம்ப வேண்டாம்.

6. கழற்றிய பழைய திரையைக் கேட்டு வாங்குங்கள், அல்லது அதன் விலையைக் கழிக்கச் சொல்லுங்கள். பிரிக்கும்போது டிஸ்ப்ளே நன்றாக இருந்திருந்தால் அதற்கும் மதிப்பு உண்டு.

இவ்வளவுக்குப் பிறகும் கணக்கிலிருந்து பணம் போய்விட்டது என்று தெரிந்தால், ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழைத்து, வங்கிக்கும் சொல்லுங்கள்.

சட்டம் சொல்வது

வாங்கிய பொருளைத் தன் விருப்பப்படி பழுது பார்த்துக்கொள்ளும் உரிமை பற்றி உலகமெங்கும் பேசப்படுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் சந்தைக்கு வரும் செல்போன்களுக்கு, விற்பனை நிறுத்தப்பட்ட பிறகும் 7 ஆண்டுகள் வரை முக்கிய உதிரிபாகங்கள் கிடைக்கச் செய்ய வேண்டும் என்பது விதி. நம் நாட்டில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் இதற்கென ஒரு குழுவை அமைத்தது. அதே ஆண்டு டிசம்பர் 24 அன்று நிறுவனங்களின் சேவை விவரங்களைத் தரும் இணையதளத்தையும் தொடங்கியது.

பழுதுபார்ப்பில் குறையிருந்தால் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி முறையிடலாம். வணிக நோக்கத்துக்காக வாங்கியது என்று சொல்லி நம்மைத் தள்ளிவிடுவார்களோ என்ற ஐயம் சிலருக்கு உண்டு. சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்துவதற்காக மட்டுமே வாங்கிப் பயன்படுத்தும் பொருளுக்கு அந்தத் தடை பொருந்தாது என்று சட்டமே விளக்கம் தருகிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அடுத்த படி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். எங்கே போனாலும் முதலில் கேட்பது பில்லைத்தான்.

பில்லால் இன்னொரு பயனும் உண்டு. செல்போனுக்கும் பழுதுபார்ப்புக்கும் ஜி.எஸ்.டி. 18 சதவீதம். தொழிலுக்காகப் பயன்படுத்தும் செல்போன் என்றால், நம் ஜி.எஸ்.டி. எண்ணைப் போட்டுப் பில் வாங்கி அந்த வரியை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம். தொகுப்பு முறையில் இருப்பவர்களுக்கு மட்டும் இது கிடையாது.

சங்கம் செய்யக்கூடியது

நமது சங்கத்துக்கு ஒரு யோசனை. ஊரில் உள்ள பழுது பார்க்கும் கடைக்காரர்களையும் உறுப்பினர்களாகச் சேர்த்துக்கொள்வோம். தரத்தையும் விலையையும் பலகையில் எழுதி வைப்பது, பில் கொடுப்பது, வாடிக்கையாளரின் பூட்டு எண்ணைக் கேட்காமல் இருப்பது ஆகிய மூன்றையும் அவர்கள் ஏற்றுக்கொண்டால், மலைக்கடைக்காரர்கள் நம்பி வந்து கொடுப்பார்கள். அவர்களுக்கும் வியாபாரம், நமக்கும் நிம்மதி. ஒவ்வொரு கடையிலும் பழைய செல்போன் ஒன்றை மின்னேற்றி மாற்றாக வைத்திருப்பதையும், மாதம் ஒருமுறை கணக்கை நகல் எடுப்பதையும் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

நாம் அடுத்த வாரமே ஜீப்பில் மலைக்குப் போய் அந்த வாடிக்கையாளரைப் பார்த்தோம். "நம்மேல்தான் தப்பு" என்று சொன்னோம். காப்பி கொடுத்தார், பேசினார், இன்றுவரை சரக்கும் நம்மிடமே எடுக்கிறார். ஆனால் இப்போதெல்லாம் பணம் அனுப்பியவுடன், நாம் கேட்காமலே, அனுப்பியதற்கான படத்தையும் சேர்த்து அனுப்பிவிடுகிறார். முன்பு ஒருநாளும் அவர் அப்படி அனுப்பியதில்லை.

புதிய கண்ணாடியில் அந்தப் படங்கள் மிகத் தெளிவாகத்தான் தெரிகின்றன.